தண்ணீர் குடிக்காத பயணிகள்

விசா கிடைத்தவர்கள் எங்கள் கடைக்குச் சிரித்துக்கொண்டுதான் வருவார்கள். உப்புவெளிச் சின்னராசா ஐயா மட்டும் மனைவியின் டிக்கட்டை ரத்துச் செய்யச் சொல்லிக்கொண்டு வந்தார்.

திருகோணமலை நகரில் ஒரு பயண ஏஜென்சியில் நான் டிக்கட் பதிகிறேன். பள்ளியில் சாதாரண தரப் பரீட்சையோடு படிப்பை நிறுத்தியவள். ஆட்களோடு கதைக்கக் கூச்சப்படுவேன் என்பதால் முதலாளி எனக்குப் பின்பக்கத்துக் கம்ப்யூட்டர் மேசையைத் தந்திருந்தார். கவுண்டரில் கதைப்பது அவர் வேலை.

"நான் தனியப் போறன்," என்றார் ஐயா. "இவவக் கனடாவுக்குக் கொண்டுபோகேலாது. விசாவுக்குக் கைரேகை குடுக்கக் கொழும்புக்குப் போன அண்டைக்கே பஸ்ஸுக்குள்ள மயங்கி விழுந்திட்டா. பிளேனில விழுந்தா ஆர் பாக்கிறது?"

கனடாவில் மகளுக்கு முதல் பிள்ளைப்பேறு. கல்யாணமாகிப் போன மகளைத் தாய் அதற்குப் பிறகு நேரில் கண்டதில்லை. அந்தத் தாய், பூமணி அம்மா, சுவரோரக் கதிரையில் கைப்பையை இறுக்கிப் பிடித்தபடி இருந்தார்.

"வயசு போனா அப்படித்தான் ஐயா," என்ற முதலாளி என் பக்கம் திரும்பினார். "அம்மாட டிக்கட்ட கான்சல் பண்ணுங்க பிள்ள."

இணையம் இழுத்துக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில் அம்மாவுக்கு ஒரு தேநீர் கொண்டுபோனேன்.

"வேண்டாம் பிள்ளை. பஸ்ஸில போகோணும்."

உப்புவெளி எங்கள் கடையிலிருந்து கொஞ்சத் தூரம்தான். ஆனாலும் எனக்கு விளங்கிவிட்டது. பஸ் ஏறும் நாளில் நானும் அப்படித்தான், எதுவும் குடிக்கமாட்டேன். வழியில் இறங்கக் கேட்க வெட்கம். இறங்கினாலும் ஒதுங்க நல்ல இடம் இராது.

பக்கத்தில் இருந்து மெதுவாகக் கேட்டேன். "கொழும்புக்குப் போன அண்டைக்குத் தண்ணி குடிச்சனீங்களா அம்மா?"

"முதல்நாள் பின்னேரத்தோட விட்டிட்டன்."

"பிரஷர் குளிசை?"

"அதைப் போட்டா அடிக்கடி ஒண்டுக்குப் போகோணும். அதையும் விட்டிட்டன்."

"ஐயாவுக்குத் தெரியுமோ?"

"இதெல்லாம் ஆம்பிளையளிட்டச் சொல்லுற கதையே?"

மயக்கத்துக்கு அதுதான் காரணம் என்று சொல்ல நான் டொக்டர் இல்லை. ஆனால் ஒரு டொக்டரிடம் கேட்காமல் ரத்துச் செய்வது பிழை என்று பட்டது. அம்மாவிடம் சம்மதம் வாங்கிக்கொண்டு கவுண்டருக்குப் போனேன். காது இரண்டும் சூடாகிவிட்டன. இரண்டு ஆண்களுக்கும் முன்னால் விஷயத்தைச் சொல்லி முடித்தேன்.

ஐயா மனைவியைப் பார்த்தார். "இத்தனை வருசம் ஒரு வீட்டில இருக்கிறம். எனக்கொரு சொல் சொல்லேல்லயே?"

"சொல்லி? பஸ்ஸ நிப்பாட்டச் சொன்னா, 'இந்தா கொழும்பு வந்திட்டுது' எண்டுவீங்கள். பாதி வழி, தம்புள்ளகூடத் தாண்டியிராது!"

முதலாளி சிரிப்பை அடக்க இருமினார். பிறகு, "டொக்டர் சொல்லும்வரை அந்த டிக்கட்டில கை வைக்க வேணாம்," என்றார்.

அம்மாவைப் பார்க்கும் டொக்டர் எல்லாம் சோதித்தார். தண்ணீரையும் குளிசையையும் விட்டதால் வந்த மயக்கம், பயணம் போகலாம் என்றார். மருந்தை எப்போது போடுவது, எவ்வளவு தண்ணீர் குடிப்பது, விமானத்தில் எப்போது எழுந்து நடப்பது என்று எழுதிக் கொடுத்தார்.

அதன் பிறகு அந்தப் பயணத்தை நான் கட்டிய விதத்தை எவரிடமும் பெருமையாகச் சொல்வேன். ஓடி ஓடி விமானம் மாறும் மலிவு டிக்கட்டை மாற்றி, ஒரே ஒரு ட்ரான்சிட், அதுவும் ஆறுதலாக இருந்து எழும்ப நேரம் உள்ளதாகப் பதிந்தேன். கழிவறைக்குக் கிட்ட, நடைபாதையோர சீட். விமான நிலையங்களில் வீல்செயர். கொழும்புக்கு பஸ் இல்லை, வாடகை வான். சுத்தமான கழிவறை உள்ள கடைகளைக் கேட்டறிந்து, அங்கெல்லாம் நிறுத்தச் சொல்லி டிரைவரிடம் சொல்லிவைத்தேன்.

அம்மாவுக்கு இன்னும் ஒரு பயம் இருந்தது. "பிளேன் கக்கூஸில கழுவத் தண்ணி இல்லையாம். கடதாசியாம். எப்பிடிப் பிள்ளை?"

"ஒரு வெறும் போத்தல் கொண்டுபோங்கோ அம்மா. உள்ள கை கழுவுற பைப்பில பிடிக்கலாம். கதவு நடுவில மடியும், அந்த இடத்தில தள்ளுங்கோ. ஃபிளஷ் பட்டனை அமத்தினா உறுமும், பயப்பிடாதேங்கோ."

நான் விமானம் ஏறியது ஒரே ஒருமுறை, சென்னைக்கு. அந்த அனுபவம் முழுவதையும் அவருக்குக் கொடுத்துவிட்டேன்.

அவர்கள் போய்ச் சேர வேண்டிய நாளில் எனக்கு வேலை ஓடவில்லை. மறுநாள் மத்தியானம் வாட்ஸ்அப்பில் அழைப்பு வந்தது. பதற்றத்தில் ஸ்பீக்கர் பட்டனை அழுத்திவிட்டேன். கடை நிறைய ஆட்கள்.

"பிள்ளை! நல்லாத் தண்ணி குடிச்சன். நாலு தரம் போனனான்!" என்று பூமணி அம்மா கத்தினார். "இவருக்குத்தான் கதவு திறக்கத் தெரியேல்ல. நான்தான் போய்த் திறந்துவிட்டனான்!"

பின்னால் மகள் விழுந்து விழுந்து சிரிக்கும் சத்தம் கேட்டது. கடையும் சிரித்தது. அன்று எனக்குக் கூச்சமே வரவில்லை.

இப்போது வயதானவர்கள் வந்தால் முதலாளி நேரே என் மேசைக்கு அனுப்புகிறார். திகதியும் கட்டணமும் பிறகுதான். குரலைத் தாழ்த்தி, தண்ணீரையும் மருந்தையும் கழிவறையையும் பற்றி முதலில் கேட்கிறேன். கேட்க நாம் வெட்கப்பட்டால், சொல்ல அவர்களும் வெட்கப்படுவார்கள். போகக்கூடிய ஒருவர் வீட்டிலேயே நின்றுவிடுவார். இந்தத் தொழிலில் நான் படித்தது அதுதான்.