ஃப்ளெக்ஸ் பார்த்து அரசியல் எழுதிய முதல் வருடம்

என் வீட்டு வாசல் விளக்குக் கம்பத்தில் ஒரு பெண்மணி மூன்று வாரமாகத் தொங்கிக்கொண்டிருக்கிறார். பதற வேண்டாம், சுவரொட்டிதான். டென்மார்க்கின் மேற்குக் கரையில் நான் குடியிருக்கும் இந்தச் சிறு நகரத்தில் கொமூனே தேர்தல், அதாவது நம் நகராட்சித் தேர்தல். கம்பத்துக்கு ஒரு முகம், முகத்துக்குக் கீழே ஒரு பெயர், ஓரத்தில் கட்சியைக் குறிக்கும் ஓர் எழுத்து, அவ்வளவுதான். தினமும் வேலைக்குக் கிளம்பும்போது சைக்கிளை நிறுத்திவிட்டு அதை அண்ணாந்து பார்க்கிறேன். மேலே தலைவர்கள் வரிசை இல்லை. கீழே வட்டமாக வெட்டி ஒட்டிய குட்டி முகங்கள் இல்லை. யாரும் யாரையும் கும்பிடவில்லை, 'இவண்' என்று ஒரு வரிகூட இல்லை. தேர்தல் முடிந்த கையோடு ஏணி போட்டு எல்லாவற்றையும் கழற்றிவிட வேண்டுமாம். இப்படிப்பட்ட படத்தை வைத்துக்கொண்டு ஒரு மனிதன் என்னதான் அரசியல் எழுத முடியும்?

இதை நான் ஏன் கேட்கிறேன் என்றால், நான் ஓர் அரசியல் விமர்சகன். பகலில் மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்புகளை இயந்திரத்துக்குள் தள்ளுகிறவன். வாரம் ஒரு முறை ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்தின் அரசியலை அக்கக்காகப் பிரித்துப் போடுகிறவன். இந்த விபரீதத்துக்கு முழுப் பொறுப்பு என் கல்லூரித் தோழன் காதர். ஸ்ரீவில்லிபுத்தூர் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறான். கூடவே ஓர் இணைய இதழும் நடத்துகிறான். போன வருடம் போனில், "ஏலே, நீதான் எல்லாத்துக்கும் ஒரு கருத்துச் சொல்லுவியே, அத எழுதித்தான் குடேன். ஊர்ல இருக்கவன் எவனும் பேர் போட்டு எழுத மாட்டேங்கான். நீ அங்க இருக்க, ஒன்ன எவன் வந்து அடிக்கப் போறான்?" என்றான். என் எழுத்துத் திறமைக்குக் கிடைத்த முதல் பாராட்டு அதுதான்.

முதல் சில மாதங்கள் என்னை யாரும் சீந்தவில்லை. நான் எழுதியதைவிட, நான் எழுதியதற்குக் கீழே வந்து திட்டியவர்களுக்குத்தான் வாசகர்கள் அதிகம். சேத்தூர்ப் பக்கம் தேவதானத்திலிருந்து ஒருவர் வாரம் தவறாமல், "அங்கே ஐஸ் அள்ளுற வேலை ஒன்றும் இல்லையா?" என்று கேட்பார். ஒரு வாரம் அவரைக் காணவில்லை என்றதும் உடம்புக்கு என்னவோ என்று எனக்குத் தூக்கம் வரவில்லை. இதற்கிடையில் எனக்கென்று ஒரு தொழில்நுட்பம் கைவந்தது. ஊரில் இருக்கிறவன் டீக்கடையில் காது கொடுத்தால் போதும். ஊரில் இல்லாதவனுக்கு ஃப்ளெக்ஸ்தான் பஞ்சாங்கம். காதர் தினமும் பைக்கில் போகிற வழியில் நாலு ஃப்ளெக்ஸைப் படமெடுத்து அனுப்புவான். யார் முகம் எவ்வளவு பெரிது, யார் யாருக்குப் பக்கத்தில், போன மாதம் மேலே இருந்தவர் இந்த மாதம் ஏன் கீழே இறங்கினார் என்று ஸ்கேல் வைக்காத குறையாக அளந்து எழுதினேன். இரண்டு கணிப்புகள் பலித்தன. போதாதா? தலைக்கனம் ஏறிவிட்டது.

அப்படி வந்த படங்களில் ஒன்று என் அக்கா மகள் யாழினியின் காதணி விழா ஃப்ளெக்ஸ். விழா நடந்து நாலு நாள் ஆகியிருந்தது. மொட்டையும் காதுகுத்தும் திருவண்ணாமலையில். திருவண்ணாமலை என்றதும் கிரிவலம் கிளம்பிவிடாதீர்கள். எங்களுக்குத் திருவண்ணாமலை என்றால் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கத்துக் குன்றுப் பெருமாள்தான். எனக்கு விழா தெரியும். லீவு கிடைக்கவில்லை என்று அக்காவிடம் சொல்லியிருந்தேன். படத்தைப் பார்த்ததும் கண்ணில் பட்டது குழந்தை இல்லை. ஒரு பக்கம் என் அக்கா புருஷன் குருசாமி மச்சான். எதிர்க்கட்சியின் வார்டு செயலாளர். வரப்போகிற நகராட்சித் தேர்தலில் கவுன்சிலர் சீட்டுக்காகப் பத்து வருடமாகக் கொடி பிடித்துக் காத்திருப்பவர். மறுபக்கம் அதே அளவில், அதே உயரத்தில், அதே சிரிப்போடு வேல்முருகன். ஆளுங்கட்சியின் வார்டு செயலாளர், என்னோடு பள்ளியில் படித்தவன், தேர்தலுக்குத் தேர்தல் மச்சானோடு மல்லுக்கு நிற்கிறவன். படத்தின் கீழ்ப் பாதியை, குட்டியானை என்று நாம் சொல்கிற சரக்கு வண்டி ஒன்று மறைத்துக்கொண்டு நின்றது. மேல் பாதியே எனக்குப் போதுமானதாக இருந்தது.

சலவைக்கூடத்தில் என்னோடு வேலை பார்க்கும் பிர்கித்திடம் இடைவேளையில் படத்தைக் காட்டினேன். ருக்ப்ரோ என்கிற கறுப்பு ரொட்டியைக் கடித்துக்கொண்டே உற்றுப் பார்த்தவர், "இதில் வேட்பாளர் யார்?" என்றார். வேட்பாளர் யாருமில்லை, நடுவில் இருக்கும் குழந்தைக்குத்தான் விழா என்றேன். "குழந்தை என்ன செய்தது?" "காது குத்திக்கொண்டது." அவர் கொஞ்ச நேரம் ரொட்டியை மென்றார். இவர் என் மச்சான், கட்சி மாறப் போகிறார், அதைப் பற்றித்தான் எழுதப் போகிறேன் என்று விளக்கினேன். "குடும்பத்தையும் எழுத்தையும் தனித்தனியாக வைத்துக்கொள்வது நல்லது" என்றார். குடும்பத்தைப் பற்றி எழுதாதே என்று அவர் நாகரிகமாகச் சொல்லியிருக்கிறார். எழுதும்போது குடும்பத்துக்குப் போன் போட்டு விசாரிக்கக் கூடாது, அதுதான் ஐரோப்பிய நெறி என்று நான் விளங்கிக்கொண்டேன்.

விசாரிக்காமலே எழுதினேன். 'சொந்த மச்சான் என்பதற்காக என் பேனா தலைகுனியாது' என்று தொடங்கியது அந்தக் கட்டுரை. இப்போது படித்தால் எனக்கே கூச்சமாக இருக்கிறது. வெளியான அன்று ராஜபாளையத்தில் இருக்கும் அத்தனை வாட்ஸ்அப் குழுக்களிலும் அது சுற்றியது. சொந்த மச்சானையே விட்டுவைக்கவில்லை என்று புகழ்ந்தார்கள். தேவதானத்துக்காரர்கூட ஒரு கும்பிடு போட்டிருந்தார். நான் யோசிக்காத விஷயம் ஒன்றுதான். வேறு எவன் எழுதியிருந்தாலும் கட்சிக்காரர்கள் துடைத்துப் போட்டிருப்பார்கள். எழுதியது மச்சினன். வீட்டுக்குள்ளிருந்தே தகவல் வந்திருக்கிறது என்று மாவட்ட அலுவலகம் மச்சானைக் கூப்பிட்டு விளக்கம் கேட்டது. விளக்கம் வரும்வரை சீட்டுப் பேச்சே கிடையாது என்றும் சொல்லிவிட்டார்கள்.

மறுநாள் அக்கா ஒரு படம் அனுப்பினாள், ஒரு வார்த்தைகூட எழுதாமல். அதே ஃப்ளெக்ஸ், குட்டியானை இல்லாமல். வேல்முருகன் முகத்துக்குக் கீழே பச்சை எழுத்தில் 'தாய்மாமன் ஸ்தானத்தில்' என்று போட்டிருந்தது. நம் பக்கத்தில் காது குத்துவதென்றால் குழந்தை தாய்மாமன் மடியில் உட்கார வேண்டும். அக்காவுக்கு உடன்பிறந்தவன் நான் ஒருவன்தான். என் இடத்தில் உட்கார ஆள் தேடியிருக்கிறாள். மச்சானுக்கு ஜென்ம விரோதி என்றாலும், சிறு வயதில் எங்கள் வீட்டில் உண்டு வளர்ந்தவன் என்று வேல்முருகனைப் போய்க் கூப்பிட்டிருக்கிறாள். நான் போகாததால் உண்டான ஓட்டையை அடைக்க வந்த ஆளைப் பார்த்து, கட்சித் தாவல் என்று எழுதியிருக்கிறேன். அந்தப் படத்தை எத்தனை முறை பெரிதாக்கிப் பார்த்தேன் என்று எனக்கே தெரியாது. அவமானமாக இருந்தது. அக்காவுக்குப் போட்ட போன் எதையும் அவள் எடுக்கவில்லை.

மச்சினன் நேரில் வந்து எழுதிக் கொடுத்தால் ஏற்றுக்கொள்வோம் என்று கட்சியில் சொன்னதாகக் காதர் சொன்னான். கிளம்பினேன். காதுகுத்துக்குக் கிடைக்காத லீவு இதற்கு உடனே கிடைத்தது. மதுரையிலிருந்து வரும் பேருந்தில் ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கிக் காதர் கடைக்குப் போனால், அவன் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "ஒங்க மச்சானும் வேல்முருகனும் ஒரே நாள்ல இங்க வந்து விளக்கக் கடிதம் டைப் அடிச்சாங்கலே. ரெண்டு கட்சிலயும் கேட்டுட்டானுவ. பேரை மட்டும் மாத்தி ஒரே கடிதத்தை ரெண்டு காப்பி போட்டுக் குடுத்தேன்" என்றான். அந்த வாரம் இதழுக்கு வரலாறு காணாத கூட்டமாம். அதைச் சொல்லும்போது அவனுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

ராஜபாளையத்தில் அக்கா வீட்டுக்குள் நுழையும்போது வேல்முருகன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான், அவன் மடியில் யாழினி. மொட்டைத் தலை, காதில் புதுத் தோடு. என்னைப் பார்த்ததும் அவன் சட்டைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அக்கா தண்ணீர்ச் செம்பை என் முன்னால் வைத்தாள்.

"எம்புட்டு எழுதுத. எனக்கு ஒரு போன் போட்டுக் கேக்க ஏலலையா ஒனக்கு? நீ வந்திருந்தா நான் எதுக்கு அவன் வீட்டு வாசப்படி ஏறப் போறேன்?"

சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். மச்சான்தான் தாளையும் பேனாவையும் நீட்டினார். "அழுது என்ன செய்ய. எழுது மாப்ள. விசேஷத்துக்கு நீ வரல, அதனால இவன் ஒக்காந்தான், அம்புட்டுதான் விஷயம்."

எழுதினேன். ஒரு வருடத்தில் இவ்வளவு சிரமப்பட்டு நான் எதையும் எழுதியதில்லை. நான் ஊரில் இல்லை என்பதை நானே சாட்சி சொல்லி எழுத வேண்டியிருந்தது. காரணம் எழுதும் இடத்தில் பேனா நின்றது. உண்மையில் நான் லீவே கேட்கவில்லை. அந்த வாரம்தான் ராஜபாளையம் நகராட்சி பற்றிய என் தொடர் கட்டுரை தொடங்க வேண்டியிருந்தது. ஊரைப் பற்றி எழுதுகிற மும்முரத்தில் ஊருக்கு வராமல் இருந்துவிட்டேன். இனியும் மறைத்து என்ன ஆகப் போகிறது என்று அதை அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

மச்சான் வாங்கிச் சத்தமாகப் படித்தார். அந்த வரி வந்ததும் சத்தம் இறங்கியது. அடுப்படியில் அக்கா பாத்திரம் துலக்குவதை நிறுத்திவிட்டாள். "இது வேண்டாம் மாப்ள" என்றார் மச்சான் மெல்ல. "கட்சிக்காரன் சிரிப்பான். லீவு இல்லன்னே போட்டுரு." பிறகு தாளின் தலைப்பக்கம் போனவர், "வெலாசமும் தப்பால்ல இருக்கு" என்றார். அனுப்புநர் என்ற இடத்தில் பழக்கதோஷத்தில், டென்மார்க் போகும்வரை நானும் குடியிருந்த இந்த வீட்டின் கதவு எண்ணையும் தெருவையும் எழுதியிருந்தேன். "இத எழுதுனா நீ இங்கதான் இருக்கன்னு ஆயிரும். பொறவு ஏன் வரலம்பான். அந்த நாட்டு வெலாசத்தப் போடு." வேல்முருகனும், "அடிச்சுத் திருத்தாத, ஒத்துக்கிட மாட்டானுவ. வேற தாள்ல எழுது" என்றான். கட்சி எதுவானாலும் நடைமுறை ஒன்றுதான் போலிருக்கிறது.

வேறு தாளில் எழுதினேன். டென்மார்க் முகவரி, லீவு இல்லை. இரண்டு செயலாளர்களும் ஒரே பைக்கில் ஏறிப் போனார்கள். யார் கண்ணிலும் படாமல் வேல்முருகன் ஒரு நிறுத்தம் முன்னாலேயே இறங்கிக்கொள்வதாக ஏற்பாடு. கடிதத்தை ஏற்றுக்கொண்டார்கள். சீட்டும் மச்சானுக்கே என்று நான் இங்கே திரும்பிய பிறகு தெரிந்தது.

அவர்கள் போனபின் அக்கா ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். நான் கசக்கப் போன முதல் கடிதத்தை வாங்கி, நின்றபடியே கடைசிவரை படித்தாள். பீரோவிலிருந்து காதுகுத்து ஆல்பத்தை எடுத்தாள். வேல்முருகன் மடியில் யாழினி வாய் பிளந்து அழும் பக்கத்தைத் திருப்பி, கடிதத்தை நாலாக மடித்து, அந்தப் படத்தின் மேலேயே வைத்தாள்.

"இதுல ஒன் படம் ஒண்ணுகூட இல்லலே" என்றாள். "இது இருக்கட்டும்."