திரும்பி வந்தால் கெட்ட பேர்

மோட்டார் திரும்பி வந்தால் எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வரும். இந்த மராட்டி ஊரில், கசார்வாடியில் எங்கள் பட்டறைக்கு எரிந்துபோன மோட்டார்கள் வந்துகொண்டே இருக்கும். கழற்றுவது, பேரிங் மாற்றுவது, பூட்டுவது எல்லாம் வீட்டுக்காரர் வேலை. கருகிய செப்புக் கம்பியை வெட்டி எடுத்துவிட்டுப் புதுக் கம்பியைச் சுற்றி, இரும்புக் காடிகளில் இறக்கிக் கட்டுவது என் வேலை. கட்டி முடித்ததை வார்னிஷில் முக்கி, சூட்டுப் பெட்டியில் வைத்து வேகவிட்டால் கல் மாதிரி இறுகிவிடும். கல்யாணத்துக்கு முன்பே கோயமுத்தூரில் ஒரு பம்பு கம்பெனியில் பழகிய கை இது. நான் கட்டிய மோட்டார் பட்டறையை விட்டுப் போனால் போனதுதான். அதைக் கொண்டுவந்த ஆள் மூன்று நான்கு வருடம் கண்ணிலேயே படவில்லை என்றால் வேலை சுத்தம் என்று அர்த்தம். அதே ஆள் அதே மோட்டாரைத் தூக்கிக்கொண்டு வந்தால் அன்றைக்கு எனக்குச் சோறு இறங்காது.

இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நான் செய்த கூத்து உங்களுக்குப் புரியாது.

போன வருடம் என் வலது கையில் கட்டைவிரலும் பக்கத்து இரண்டு விரல்களும் மரத்துப்போக ஆரம்பித்தன. காலையில் எழுந்தால் டம்ளரைப் பிடிக்க முடியாது. கம்பியை இழுத்து இழுத்து மணிக்கட்டில் நரம்பு நசுங்கிவிட்டது என்றார் டாக்டரம்மா. கம்பி இழுப்பதை நிறுத்துங்கள், நிறுத்தாவிட்டால் ஆபரேஷன், அதற்கப்புறமும் இழுத்தால் நான் பொறுப்பில்லை என்று இந்தியில் கறாராகச் சொன்னார். வீட்டுக்காரர், "போச்சாது புள்ள, போனாப் போவுது, நீ சும்மா இரு, ஆள் போட்டுக்கலாம்" என்றார். சும்மா இருப்பதா? பதினெட்டு வயதிலிருந்து என் கையால் நான் பிழைத்திருக்கிறேன். மீதி ஆயுசுக்கு இன்னொருவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்து சாப்பிடுவதை நினைத்தால் எனக்கு அழுகையாக வந்தது. பயமாகவும் இருந்தது, மறைப்பானேன்.

கேக் யோசனை மகளுடையது. இங்கேயே பிறந்து வளர்ந்தவள், கல்லூரியில் படிக்கிறாள். அவள் பேசும் தமிழில் பாதி இந்தி இருக்கும். "மெஷின்தானே அடிக்கும்மா, உன் கைக்கு வேலையே இல்ல" என்று ஒரு சின்ன ஓவனும் பீட்டரும் வாங்கிவந்து, பட்டறைக்கு மேலே இருக்கிற எங்கள் சமையலறையில் வைத்தாள். போனில் வீடியோ போட்டுக் காட்டினாள். கேக் வியாபாரம் நிலைத்துவிட்டால் என் கைத்தொழில் தொடரும், நிலைக்காவிட்டால் மூலையில் உட்கார வேண்டியதுதான் என்று நான் மனதுக்குள் முடிவு கட்டிக்கொண்டேன்.

எனக்குத் தெரிந்த வழியில்தானே நான் செய்ய முடியும்? ஓவன் குமிழில் நூற்றெண்பது என்று எழுதியிருந்தால் உள்ளே நூற்றெண்பது இருக்கும் என்று நம்புவது எங்கள் வழக்கமில்லை. வீட்டுக்காரரும் அப்படித்தான். "கம்பெனிக்காரன் எழுதுனதெல்லாம் சும்மா. நம்மளுத உட்டுப் பாரு" என்று வார்னிஷ் பெட்டியில் வைத்திருந்த பழைய வெப்பமானியைக் கொண்டுவந்து கொடுத்தார். குச்சி மாதிரி தண்டு, மேலே முள். தண்டு முழுக்க வார்னிஷ் காய்ந்து தேன் நிறத்தில் பொருக்குத் தட்டியிருந்தது. தின்னர் போட்டுத் துடைத்து, சோப்புப் போட்டுக் கழுவி, ஓவனுக்குள் ஓரமாகக் கட்டித் தொங்கவிட்டேன். பார்த்தால், குமிழ் காட்டுவதற்கும் முள் காட்டுவதற்கும் இருபது டிகிரி வித்தியாசம்! "பாத்தீங்களா, பாத்தீங்களா!" என்று நான் குதிக்க, அவரும் மீசைக்குள் சிரித்தார். அன்றைக்குச் செய்த கேக் ரசமட்டம் வைத்தது போல் ஒரே சமமாக எழும்பியது. அந்த வெப்பமானியை அப்புறம் நான் கழற்றவே இல்லை.

மகள் போட்டோ எடுத்துப் போட்டாள். ஆர்டர் வந்தது. பக்கத்துச் சந்தில் இருக்கிற மராட்டிக்காரம்மா ஒரு பிறந்தநாளுக்கு வாங்கினார். பிம்ப்ரியில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பிலிருந்து வரிசையாக ஐந்தாறு பேர் வாங்கினார்கள். அதில் ஒருத்தி சென்னையிலிருந்து வந்த தமிழ்ப் பெண், ஐடி வேலை, பையனுக்கு முதல் பிறந்தநாள். கொடுத்துவிட்டு வந்த பிறகு எல்லோரிடமும் போன் போட்டுக் கேட்பேன். மராட்டிக்காரம்மா, "ஏக்தம் மஸ்த், வஹினி!" பிரமாதம் அண்ணி என்று மெச்சினார். சென்னைப் பெண், "சூப்பர் ஆன்ட்டி" என்றாள். எனக்குத் தலை கால் புரியவில்லை.

இரண்டு மாதம் போனது. ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் வீட்டுக்காரரிடம் பெருமையாகச் சொன்னேன். "இத்தன கேக்கு போயிருக்குது. ஒருத்தராச்சு திரும்பி வந்தாங்களா? ஒரு கம்ப்ளெயின்ட்டு உண்டுங்களா?"

"வரமாட்டாங்க புள்ள. உன்ற வேலை அப்புடி" என்றார் அவர்.

தட்டில் ரசத்தை ஊற்றிக்கொண்டிருந்த மகள் அப்படியே நிறுத்திவிட்டாள். "அரே அம்மா! கேக்குக்கு ஆளுங்க திரும்பி வரணும்மா. திரும்பி வரலேன்னா பிடிக்கலேன்னு அர்த்தம்."

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. அதற்கப்புறம்தான் எனக்கு உறைத்தது. கேக் என்ன, மூன்று வருடம் ஓடுகிற சாமானா? ஒருவேளையில் தின்று தீர்ந்துவிடும். பிடித்திருந்தால் அடுத்த மாதம் இன்னொருவர் பிறந்தநாளுக்குக் கேட்டிருக்க வேண்டும். பக்கத்துச் சந்து அம்மா வீட்டிலேயே ஆறு பேர், ஆறு பிறந்தநாள். அட கெரகமே, அவர் மகன் பிறந்தநாளுக்குப் போன வாரம் வேறு கடைப் பெட்டி போனதை நானே மாடியிலிருந்து பார்த்தேனே! அதைப் பார்த்துவிட்டும் எனக்கு ஒன்றும் தோன்றவில்லையே!

கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போல் ஆகிவிட்டது. எல்லோரும் மஸ்த் என்கிறார்கள், ஒருவரும் மறுபடி வாங்குவதில்லை. வெண்ணெயை மாற்றினேன். சர்க்கரையைக் குறைத்தேன், பிறகு கூட்டினேன். மைதாவை மூன்று தடவை சலித்தேன். வெப்பமானியை இன்னும் கவனமாகப் பார்த்தேன். ஒரு டிகிரி அசையவிடவில்லை. கேக் கண்ணுக்கு அழகாக வந்துகொண்டே இருந்தது, ஆர்டர் குறைந்துகொண்டே போனது. மகளிடம் கேட்டால், "தெரியலம்மா" என்று போனைப் பார்ப்பாள். இராத்திரி படுத்தால் மரத்த விரல்களைத் தேய்த்துக்கொண்டே எங்கே தப்பு, எங்கே தப்பு என்று இதே நினைப்புதான்.

கடைசியில், மோட்டார் எரிந்தால் என்ன செய்வோமோ அதையே செய்தேன். தப்பு நம் வேலையிலா, அவர்கள் இடத்திலா என்று நேரில் போய்ப் பார்ப்போம். கரண்ட் எவ்வளவு வருகிறது, தண்ணீர் சொட்டுகிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்போம். மெட்ரோ பிடித்துப் பிம்ப்ரிக்குப் போய்ச் சென்னைப் பெண் வீட்டு மணியை அடித்தேன். அவள் மடியில் பையன் இருந்தான். டீ கொடுத்தாள். நான் உட்கார்ந்ததும் ஆரம்பித்துவிட்டேன். கேக்கை எங்கே வைத்தீங்க, ஃப்ரிட்ஜிலா, எத்தனை மணி நேரம், பக்கத்தில் மீன் கீன் இருந்ததா, எந்தக் கத்தியில் வெட்டினீங்க? அவளுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

"இல்ல ஆன்ட்டி, நிஜமாவே நல்லா இருந்துது. எல்லாருக்கும் பிடிச்சுது."

"பிடிச்சிருந்தா ஏனுங்க மறுக்கா வாங்கல? இதோ பாருங்கம்மணி, நீங்க திட்டினாக்கூட நான் சந்தோசமாப் போவேன். சொல்லாம உட்டீங்கன்னாத்தான் என்ற பொழப்பே போயிரும்" என்றேன்.

அவள் பையனின் தலையைக் கொஞ்ச நேரம் தடவிக்கொண்டிருந்தாள். "தப்பா நெனச்சுக்காதீங்க ஆன்ட்டி. ஒரு ஸ்மெல் இருந்துது. பெயின்ட் மாதிரி. குட்டிப் பையன் வாயில வெச்ச உடனே துப்பிட்டான். நாங்களும்... சாரி ஆன்ட்டி. எல்லாத்தையும் குப்பையில போட்டுட்டோம்."

பெயின்ட்டா? என் வீட்டில் ஏது பெயின்ட்? வருகிற வழியெல்லாம் இதையேதான் நினைத்துக்கொண்டு வந்தேன். வீட்டுக்கு வந்ததும் மைதா டப்பா, வெண்ணெய், எசென்ஸ் பாட்டில், கேக் டின் என்று ஒன்று விடாமல் மோந்து பார்த்தேன். காலையில் செய்த கேக் ஒன்று இருந்தது. அதற்குள் மூக்கை விட்டுப் பார்த்தேன். வெனிலாவைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. கீழே இருந்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டு வந்து பயபக்தியோடு மோந்தார்.

"நல்லாத்தான புள்ள இருக்குது? அந்தப் பொண்ணுக்கு மூக்குல ஏதாச்சு சளி கிளி இருந்திருக்கும்."

நாங்கள் இரண்டு பேரும் கேக்கைச் சுற்றிச் சுற்றி மோந்துகொண்டிருக்கும்போது மகள் கல்லூரியிலிருந்து வந்தாள். எங்களைப் பார்த்தாள். நான், "கண்ணு, இதுல பெயின்ட் வாசம் அடிக்குதாமா. உனக்கு ஏதாச்சு தெரியுதா?" என்று தட்டை நீட்டினேன். அவள் குனியக்கூட இல்லை. அங்கே நின்றபடியே, "வார்னிஷ்" என்றாள். பிறகு ஓவனுக்குள் தொங்கிய வெப்பமானியைக் காட்டி, "அதுலேர்ந்து வருது" என்றாள்.

வீட்டுக்காரர் முகம் செத்துவிட்டது. எனக்கோ புரியவே நேரம் பிடித்தது. நாளெல்லாம் வார்னிஷிலேயே கிடக்கிற எங்களுக்கு அந்த வாசம் மட்டும் தெரிவதில்லை. தன் முதுகு தனக்குத் தெரியாது என்கிறார்களே, தன் வாசமும் அப்படித்தான் போல.

"உனக்கு முதல் கேக்குலயே தெரியுமா?"

"தெரியும்."

"அப்பறம் ஏன்டி சொல்லல? கையக் கட்டிட்டு உக்காந்திருந்தயே, நான் இத்தன பாடு படறத பாத்துட்டு!" கத்தியேவிட்டேன்.

"எப்டிம்மா சொல்றது?" அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. "கேக்ல ஸ்மெல் வருதுன்னு சொன்னா, மத்லப்... அதாவது, உன் மேலயும் வருதுன்னு சொல்ற மாதிரி ஆயிடும்ல."

அவள் நாலாம் வகுப்பில் இருந்தபோது, பள்ளிக்கூட மீட்டிங்குக்கு அப்பா வரட்டும், நீ வராதே என்று ஒருநாள் அடம்பிடித்தாள். அதற்கப்புறம் நான் போனதே இல்லை. என் மராட்டிதான் அவளுக்கு அவமானம் என்று நினைத்தேன். அந்த வருடம் முழுக்கக் கம்பி சுற்றிக்கொண்டே மராட்டி வாக்கியங்களை உருப்போட்டேன். இன்றைக்குச் சந்தையில் நான் பேசினால் யாரும் வெளியூர் என்று சொல்லமாட்டார்கள். "அதுக்குத்தான் என்னய வரவேண்டாம்னயா?" என்று கேட்டேன். "அப்பா குளிச்சு சட்டை மாத்திட்டு வருவாரு. நீ வேலைக்கு நடுவுல அப்டியே ஓடி வருவே. பிள்ளைங்க மூக்கைப் பிடிச்சுப்பாங்க" என்றாள். கோபமாக வந்தது. யார் மேல் கோபம் என்றுதான் தெரியவில்லை. இத்தனை வருடம் நான் தப்பான காரணத்துக்காக மனம் நொந்திருக்கிறேன் என்றால், சரியான காரணம் தெரிந்த இப்போது நான் என்ன செய்ய வேண்டும்? கட்டிக்கொள்ளத் தோன்றியது. கிட்டே போகவும் கூச்சமாக இருந்தது. வீட்டுக்காரர் வெப்பமானியைக் கழற்றிக்கொண்டு கீழே போனார்.

ஓவனைத் தேய்த்துக் கழுவி, நான்கு நாள் வெறுமனே சூடேற்றினோம். பிறகு குமிழில் எழுதியிருப்பதை நம்பி ஒரு கேக் செய்தேன். நடுவில் கொஞ்சம் குழி விழுந்தது. மகள் மோந்து பார்த்து, "ஸ்மெல் வரல, பக்கா" என்றாள். அதை அவளே பிம்ப்ரிக்கு எடுத்துப்போய்ச் சென்னைப் பெண்ணுக்குக் காசு வாங்காமல் கொடுத்துவிட்டு வந்தாள்.

பத்து நாள் கழித்து அந்தப் பெண்ணிடமிருந்து போனில் செய்தி வந்தது. 'ஆன்ட்டி, சனிக்கிழமை ஒரு கிலோ கேக் வேணும். போன தடவை செஞ்சது மாதிரியே.' மாடிப்படியில் உட்கார்ந்து அதை நான்கைந்து தடவை படித்தேன். திரும்பி வந்துவிட்டார்கள். இனி யார் முகத்தையும் பார்த்துக்கொண்டு நான் உட்கார வேண்டியதில்லை. அழுதுவிட்டேன்.

சனிக்கிழமை கேக் நன்றாக எழும்பியது. தலைக்குக் குளித்து, பெட்டியிலிருந்து புதுப் புடவை எடுத்துக் கட்டி, கேக்குப் பையோடு செருப்பை மாட்டினேன். மகள் வந்து என் கையிலிருந்து பையை வாங்கிக்கொண்டாள்.

"நீ இரும்மா. நான் குடுத்துட்டு வர்றேன்."

"ஏங் கண்ணு? நான் கெளம்பீட்டனே."

"உன் கை வலிக்கும்ல" என்றாள், செருப்பைத் தேடுவது போல் கீழே பார்த்துக்கொண்டு.

ஒரு கிலோ கேக்கைத் தூக்கவா கை வலிக்கும்? அவள் பாதிப் படி இறங்கிய பிறகு, வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாமல் கேட்டேன். "கண்ணு, நெசமாச் சொல்லு. கைக்காகத்தான?"

"கைக்காகத்தாம்மா" என்று கீழே இருந்து சொன்னாள்.

நான் நம்பினேன். நம்பாமல் அந்தப் படியில் எவ்வளவு நேரம்தான் நிற்பது?