ஆறடித் தொட்டியில் நாற்பது குச்சிகள்

இது நடந்தது. ஆவணி மாதம், பகல் 1.40இலிருந்து 2.52 வரை. அமாவாசை இல்லை, மழை இல்லை, நாய் ஊளையிடவில்லை. வெளியே கிளிநொச்சிச் சனம் சோறு தின்றுவிட்டுக் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்த நேரம். பேய் வருவதற்குப் புளியமரமும் நடுச்சாமமும் வேண்டும் என்று எதிர்பார்க்கிறவர்கள் வேறு எதையாவது வாசிக்கலாம். நம்புங்கள் என்று நான் ஒருவரையும் கெஞ்சப்போவதில்லை. இப்படிப்பட்ட கதைகளைக் கேட்டு முகத்துக்கு நேரே சிரித்த ஆள் நான்.

என் பெயர் கஜனி. ஊர் வவுனியா. மீன்தொட்டி அலங்கரிப்பது என் தொழில். கொழும்பில் ஒரு பெரிய கடையில் ஐந்து வருடம் நின்று பழகினேன். கல், வேர், மணல், நீர்ச்செடி, இவ்வளவையும் வைத்துக் கண்ணாடிக்குள் ஒரு மலையையோ காட்டையோ உண்டாக்குவேன். எங்கள் சனத்துக்கு இது விளங்காது. மீனுக்குச் சாப்பாடு போடுகிற வேலையோ என்று கேட்பார்கள். அவர்களுடைய வீட்டுத் தொட்டிகளைப் பார்க்க வேண்டுமே! ஊதாக் கல், பிளாஸ்ரிக் தாமரை, வாய் திறந்து மூடும் மண்டையோடு, குமிழி விடும் புதையல் பெட்டி. நடுவில் செத்துக்கொண்டிருக்கும் ஒரு தங்கமீன்.

நிருஷன் அதே ரகம்தான். அண்ணன் சுவிஸில் இருக்கிற ஒரே தகுதியில் கிளிநொச்சி ரவுனில் அலங்கார மீன் கடை திறக்கப்போனான். நெத்தலிக்கும் நியோன் ரெட்ராவுக்கும் வித்தியாசம் தெரியாது. கடை முகப்பில் ஆறடித் தொட்டி வேண்டும், அதைப் பார்த்து ஏ9 வீதியில் போகிற பஸ் நிற்க வேண்டும் என்றான். உள்ளே ஒரு முருகன் சிலை வைத்து வேலில் லைற் பத்த விடலாமா என்றும் கேட்டான். நான் அவனைப் பார்த்த பார்வையில் பிறகு கேட்கவில்லை.

ஆனாலும் அந்தத் தொட்டி எனக்கு வேண்டும். வடக்கில் என் பெயர் போட்டு வைக்கப்போகும் முதல் தொட்டி அது. சரிவந்தால் வவுனியாவிலேயே என் சொந்தக் கடை. சரிவராவிட்டால் திரும்பக் கொழும்புக்குப் போய், நான் செய்வதற்கெல்லாம் இன்னொருவன் பெயர் போடுவதைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். அதனால் யாரும் செய்யாததைச் செய்ய நினைத்தேன். தண்ணீருக்கு அடியில் ஒரு வன்னிக் காடு. அதற்கு அந்தக் காட்டு மரமே வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தேன்.

திறப்பு விழாவுக்குப் பன்னிரண்டு நாள் முந்தி ஒட்டுசுட்டான் பக்கத்துக் காட்டுக்குப் போனேன். சிற்றம்பலம் என்று ஒருவர் தன் லாண்ட்மாஸ்ரர் உழவுமெசினில் கூட்டிக்கொண்டு போனார். அறுபது வயதிருக்கும். வெற்றிலையை மென்றபடி, கேட்டதற்கு மட்டும் பதில் சொல்கிற மனுசன். முள்ளுக் கிழிக்கும் என்று நான் தம்பியின் சிவப்புக் கட்டம் போட்ட சேட்டைப் போட்டிருந்தேன். மிதிவெடி எடுத்து முடிந்த இடம் என்று பலகை நட்டிருந்தது. அது ஒன்றுதான் எனக்குத் தேவையான தகவல்.

காட்டுக்குள் இறங்கும் இடத்தில் ஒரு பாலை மரம். அடியில் எண்ணெய் ஊறிக் கறுத்த ஒரு கல். அதுதான் பிள்ளையாராம். கல்லுக்குப் பின்னால் வேர் இடுக்கில் காய்ந்த குச்சிகள் குவிந்து கிடந்தன. உள்ளே போகிறவர் இலையோடு ஒரு குழை முறித்து அதில் வைக்க வேண்டுமாம். என்னையும் வைக்கச் சொன்னார். எனக்கு வேலை கிடக்கிறது என்று சொல்லிவிட்டு நடந்தேன். திரும்பிப் பார்த்தபோது மனுசன் இரண்டு குழை முறித்து வைத்துக்கொண்டிருந்தார். ஒன்று போதாதாக்கும் என்று நினைத்துச் சிரித்தேன்.

இரண்டு மணித்தியாலம் அலைந்தும் உருப்படியான வேர் ஒன்று அகப்படவில்லை. எல்லாம் கறையான் தின்றவை. வெளியே வரும்போது சிற்றம்பலம் கல்லடியில் குனிந்து, தான் வைத்த குழைகளில் ஒன்றை எடுத்துத் தலையைச் சுற்றிப் பின்னால் எறிந்தார். என்னிடம் எதையோ சொல்லிவிட்டு லாண்ட்மாஸ்ரரைத் திருப்பப் போனார். நான் "ஓம், ஓம்" என்றேன். இப்படியான ஆட்கள் கதைப்பதற்கெல்லாம் ஓம் ஓம் என்று சொல்வேனே தவிர, காதில் போட்டுக்கொள்வதில்லை.

என் கண் அந்தக் குவியலிலேயே நின்றது. வெயிலும் மழையும் தின்று சாம்பல் நிறமாகிப்போன பாலைக் குச்சிகள். ஒவ்வொன்றிலும் ஒரு வளைவு, ஒரு கணு. கொழும்பில் இதைக் கப்பலில் இறக்கி விற்கிறார்கள். இங்கே ஒரு கல்லுக்குப் பின்னால் சும்மா கிடக்கிறது. அவர் முதுகைக் காட்டி நின்ற நேரத்தில் முழுவதையும் உரப்பைக்குள் அள்ளிக் கட்டினேன்.

கடையின் பின்வளவில் கிடாரம் வைத்துக் குச்சிகளை அவித்தேன். அவிக்காமல் போட்டால் மிதக்கும், பூஞ்சணம் பிடிக்கும். எண்ணினேன். நாற்பத்தொன்று. ஒன்றில் துருப்பிடித்த கம்பி சுற்றியிருந்தது. துரு தண்ணீருக்கு ஆகாது என்று கம்பியைக் கழற்றி எறிந்தேன். அதுதான் எல்லாவற்றிலும் வடிவான குச்சி. தொட்டியின் நடுவுக்கு அதைத்தான் எடுத்து வைத்தேன்.

இன்னொன்று இலையோடு பச்சையாக இருந்தது. பச்சைக் குச்சி தண்ணீரில் அழுகி மீனைக் கொல்லும். இரண்டாக முறித்து அடுப்புக்குள் தள்ளினேன். அது லேசில் எரியவில்லை. நெடுநேரம் புகைந்தது. என் கண் இரண்டும் எரிந்து தண்ணீர் வந்தது.

மிச்சம் நாற்பது. நாற்பதையும் நட்டு, மணல் பரப்பி, செடி வைத்து, தண்ணீர் தெளிய விட்டு, அறுபது ரெட்ரா மீன்களையும் இறக்கி முடித்தேன். அடுத்த நாள் காலை 9.10க்குத் திறப்பு.

முதல் நாள் பகல் 1.30க்கு நிருஷன் மேளக்காரரைப் பார்க்கப் போனான். நான் தனிய நின்றேன். லைற் சரிபார்க்கவும் படம் எடுக்கவும் கடை இருட்டாக இருக்க வேண்டும். ஷட்டரை உள்ளிருந்து இழுத்து இறக்கினேன். கறுப்பு ரீசேட் போட்டிருந்தேன். படம் எடுக்கும்போது கறுப்புத்தான் போடுவேன். வேறு நிறம் போட்டால் கண்ணாடியில் என் உருவம் விழும்.

1.40. தொட்டி லைற்றைப் போட்டேன். தண்ணீருக்குள் காடு எழுந்து நின்றது. நான் செய்ததில் இதைப்போல ஒன்று இல்லை.

1.52. 'டக்'.

காய்ந்த குச்சியை முறிக்கிற சத்தம். எனக்குப் பின்னால். கண்ணாடிதான் வெடிக்கிறதோ என்று பயந்து, சிலிக்கோன் பசை பூசிய விளிம்பெல்லாம் விரலால் தடவினேன். ஒரு துளி ஒழுக்கு இல்லை. நிருஷன் வாங்கிய மட்டமான மரத் தட்டுகள் வெயிலுக்கு விரிகின்றன என்று அவனைத் திட்டினேன்.

2.05. மீன் எல்லாம் வலது மூலையில் ஒதுங்கி நின்றன. புதுத் தண்ணீருக்குப் பயந்தால் மீன் கலைந்து ஓடும். இவை அசையவில்லை. அறுபதும் ஒரே பக்கம் பார்த்து நின்றன. என்னைப் பார்க்கவில்லை... எனக்குப் பின்னால் பார்த்தன.

2.17. தண்ணீரின் மேல் ஒரு இலை. பாலை இலை. இடுக்கியால் எடுத்தேன். காம்பில் பால் கசிந்தது. அப்போதுதான் முறித்த இலை. கடைக்கு முன்னும் பின்னும் ஒரு பாலை மரம் கிடையாது. யாரோ விளையாடுகிறார்கள் என்று நினைத்தேன். விளையாட அங்கே ஒருவரும் இல்லை.

2.26. 'டக்'... 'டக்'.

இந்த முறை கிட்ட.

பிறகு புகை மணம். பச்சைக் குச்சி புகைகிற மணம். கண் எரிந்தது.

2.38. பில்ரர் நின்றது. லைற் எரிந்தது, பில்ரர் மட்டும் நின்றது. அதுவரை அதன் இரைச்சலில் கேட்காத ஒன்று கேட்டது.

மூச்சு.

ஒருவருடையது இல்லை. கனபேர். அடக்கி அடக்கி விடுகிற மூச்சு. ஒளிந்திருக்கிற ஆட்கள் விடுகிற மாதிரி...

ஆனாலும் என் திமிர் விடவில்லை. படம் எடுக்காமல் போகமாட்டேன் என்று போனைத் தூக்கினேன்.

2.41. படம் விழுந்தது.

போனில் பார்த்தேன். குச்சிகளுக்கு இடையில் ஆட்கள் நின்றார்கள்.

தொட்டிக்குள் இல்லை. கண்ணாடியில் விழுந்த உருவங்கள்.

அப்படியென்றால்... எனக்குப் பின்னால்.

திரும்பினேன். ஒருவரும் இல்லை. வெறும் தட்டுகள்.

கண்ணாடியைப் பார்த்தேன்.

நின்றார்கள். கிட்ட வந்திருந்தார்கள்.

ஷட்டருக்கு ஓடினேன். தூக்கினேன். அசையவில்லை.

'டக்'.

காதடியில்.

கத்தினேனா என்று தெரியாது.

2.52. ஷட்டர் உயர்ந்தது. வெயில். நிருஷன் ஒரு கையால் தூக்கிக்கொண்டு நின்றான். பூட்டு இல்லையே அக்கா, ஏன் ஷட்டரைப் போட்டு அடித்தீர்கள் என்று கேட்டான். படத்தைக் காட்டினேன். தூசி, வெளிச்சம் பட்டது என்றான். மீனே தெரியாதவனுக்கு வெளிச்சம் மட்டும் தெரியுமாம்.

நான் வீதியோரம் குந்தியிருந்து படத்தில் நின்றவர்களை எண்ணினேன். மூன்று தரம் எண்ணினேன். நாற்பத்தொரு பேர்.

அன்றே நாற்பது குச்சிகளையும் பிடுங்கி உரப்பைக்குள் போட்டேன். நிருஷன் கையைப் பிடித்துக் கெஞ்சினான், பிறகு திட்டினான். அடுத்த நாள் அந்தத் தொட்டிக்குள் ஊதாக் கல்லையும் முருகனையும் வைத்து, வேலில் லைற் பத்தவிட்டுக் கடையைத் திறந்தான். பஸ் நின்றதாம். நிற்கும்தானே, எங்கள் சனத்துக்கு அதுதான் அழகு.

நான் அந்த நேரம் உரப்பையோடு சிற்றம்பலத்தின் வீட்டு வாசலில் நின்றேன். அவர் என்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் நல்லாயிருந்திருக்கும். சாக்கை விரித்துக் குச்சிகளை ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கினார். கம்பித் தடம் இருந்த குச்சியில் அவருடைய கை நின்றது. பெருவிரலால் அந்தத் தடத்தைத் தடவினார்.

"இது என்ர தமையன்ர. கம்பி சுத்தினது நான், அடையாளத்துக்கு."

தமையன் எப்போது போனார் என்று கேட்டேன்.

"சண்டையின்ர கடைசி வருசம். கன சனம் இந்தப் பாதையாலதான் காட்டுக்குள்ள போனது." வெற்றிலையைத் துப்பிவிட்டு, என்னைப் பார்க்காமலே சொன்னார். "திரும்பி வாற ஆக்கள் தங்கட குழையை எடுத்து எறிஞ்சுபோட்டுத்தான் வெளியில போறது. அவரவர்தான் எடுக்கவேணும். இஞ்ச கிடக்கிறது வராத ஆக்களின்ர."

வராத ஆட்களைத்தான் கிடாரத்தில் போட்டு அவித்திருந்தேன். அவர்களை நட்டு என் பெயரைப் போட இருந்தேன்.

அவர் எண்ணி முடித்தார். நாற்பது. உரப்பையைத் தலைகீழாகத் தட்டினார். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"பச்சையாய் ஒண்டு கிடந்திருக்குமே பிள்ளை. அது எங்க?"

நான் வெறும் உரப்பையை எடுத்து மடிக்கத் தொடங்கினேன்.

"அது உங்கட. நீங்கள் வைக்கேல்லை எண்டு நான் வைச்சனான். போகேக்க எடுத்து எறிஞ்சுபோட்டு வாங்கோ எண்டு சொன்னனான். நீங்கள் ஓம் ஓம் எண்டனீங்கள்."

அடுப்பில் போட்டதைச் சொன்னேன். அவர் எழும்பி வீட்டுக்குள் போனார். திரும்பி வரவில்லை.

வவுனியா பஸ்ஸில் இருந்து படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். நாற்பது பேரும் கண்ணாடிப் பக்கம் பார்த்து நிற்கிறார்கள். முகம் தெரியவில்லை. ஓரத்தில் ஒருத்தி மட்டும் முதுகைக் காட்டி, காட்டுப் பக்கம் திரும்பி நிற்கிறாள். அன்று நான் கறுப்பு. அவள் போட்டிருப்பது சிவப்புக் கட்டம் போட்ட சேட்.

வீட்டுக்குப் போனதும் தம்பி விதுசனிடம் அந்தச் சேட்டைக் கேட்டேன். எரிக்க நினைத்தேன்.

"காட்டுக்குப் போட்டுக்கொண்டு போனனி அக்கா," என்றான். "வரேக்க உன்ர மேலில அது இல்லை."

காட்டுக்குள் அதைக் கழற்றியதாக எனக்கு நினைவில்லை. அன்று நான் என்ன உடுப்போடு வீட்டுக்கு வந்தேன் என்று அவனிடம் இன்றுவரை நான் கேட்கவில்லை.