காரில் அவர் சொன்ன ‘வேணாம்’

போன வருஷம் பங்குனி மாதம், அனுமந்தன்பட்டியிலிருந்து தேனிக்குக் காரில் போய்க்கொண்டிருந்தபோது நடந்தது இது.

நான் பள்ளி ஆசிரியை. என் கணவர் ஓர் உரக் கம்பெனிக்காகக் கம்பத்துக்கும் ஆண்டிபட்டிக்கும் நடுவே இருக்கிற எல்லா ஊர்களுக்கும் அந்தக் காரில்தான் போய்வந்தார். பதினாறு வருஷக் கார். அதில் இன்னொருவர் கை வைக்க விடமாட்டார். திடீரென்று ஒருநாள் அவருக்குப் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சும் போனது. மிஞ்சியது ‘ஆமா’, ‘வேணாம்’ என்று இரண்டே சொற்கள். அதுவும் சில நேரம் இடம் மாறி வரும். காபி வேணுமா என்று கேட்டால் ‘வேணாம்’ என்பார். சரியென்று டம்ளரை எடுத்துக்கொண்டு திரும்பினால் கோபித்துக்கொள்வார்.

வாரத்தில் இரண்டு நாள் தேனியில் பிசியோதெரபி. அவரால் பஸ் படி ஏற முடியாது. அதனால் நாற்பத்தெட்டு வயதில் நான் கார் ஓட்டக் கற்றுக்கொண்டேன். நானே ஓட்டி அவரை அழைத்துப் போவதில் உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

பங்குனி தொடக்கத்தில், வேகத்தடையில் ஏறி இறங்கும்போதெல்லாம் முன்பக்கம் ‘டொக்’ என்று ஒரு சத்தம் வந்தது. ஊரில் ஒரு மெக்கானிக்கிடம் காட்டினேன். ஏதோ ஒரு போல்ட்டை முடுக்கிவிட்டு, “பழைய வண்டி டீச்சர், கொஞ்சம் சத்தம் இருக்கத்தான் செய்யும்” என்றார். நானும் விட்டுவிட்டேன். கார் லேசாக இடது பக்கம் இழுத்தது. அதை என் கை இன்னும் பழகவில்லை என்று எடுத்துக்கொண்டேன்.

அப்போதுதான் இவர் ஆரம்பித்தார். பள்ளம் வந்தால் “வேணாம், வேணாம்” என்பார். இடது காலால் தரையைத் தட்டுவார். கீழே கை காட்டுவார். நான் ஓட்டுவது பிடிக்காமல் பக்கத்தில் உட்கார்ந்து பிரேக் மிதிக்கிறார் என்றே நினைத்தேன். “மெதுவாத்தானங்க போறேன்” என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொல்வேன்.

அன்றைக்குக் காரில் ஏறவே மாட்டேன் என்று கதவைப் பிடித்துக்கொண்டார். எனக்கோ நேரமாகிவிட்டது. மதியம் பள்ளிக்கு வேறு திரும்ப வேண்டும். அவர் கையை விலக்கி, காலைத் தூக்கி உள்ளே வைத்து, கதவைச் சாத்தினேன். அதை இப்போது நினைத்தாலும் எனக்கு என்னவோ செய்கிறது.

சின்னமனூர் தாண்டி, வீரபாண்டிக்கு முன்னால் ஒரு வேகத்தடை. இறங்கியதும் பெரிதாக ஒரு ‘டொக்’. அடுத்த நொடி இவர் இடது கையைக் குறுக்கே நீட்டி ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டார். கார் குலுங்கி நடுரோட்டில் நின்றது. பின்னால் வாழைத்தார் ஏற்றி வந்த மினி லாரி கிறீச்சென்று நின்றது.

மாதாவே, எனக்கு எங்கிருந்து அவ்வளவு ஆத்திரம் வந்தது என்று தெரியவில்லை. இறங்கி, ரோடு என்றும் பார்க்காமல் கத்தினேன். “பொம்பள ஓட்டுற வண்டியில உட்கார்றது அவ்வளவு கேவலமா இருக்கா உங்களுக்கு? ரெண்டு பேரையும் கொன்னிருப்பீங்களே!” அவர் தலையைத் தொங்கப்போட்டு அழ ஆரம்பித்தார்.

லாரிக்காரர் சண்டைக்குத்தான் இறங்கி வந்தார். இவர் அழுவதைப் பார்த்ததும் அவர் குரல் மாறிவிட்டது. காரைச் சுற்றி வந்தவர் இடது முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் நின்றார். சக்கரம் ஒரு மாதிரி சாய்ந்திருந்தது. குனிந்து உள்ளே பார்த்துவிட்டு, டயரைப் பிடித்து ஆட்டினார். பல் ஆடுவதுபோல ஆடியது.

“யக்கா, அண்ணனைத் திட்டாதீக. இங்கன வந்து பாருங்க. பால் ஜாயிண்ட் போயிருச்சு. சக்கரத்தைப் பிடிச்சு நிக்கிற மூட்டே இதுதான். இன்னொரு குழியில இறங்கியிருந்தா சக்கரம் மடிஞ்சு, எதிர்ல வர்ற பஸ்ஸுக்குள்ள போயிருப்பீக.” பிறகு இவரைப் பார்த்தார். “அண்ணன் எப்படிக் கண்டுபிடிச்சாக?”

பஸ்கள் எங்களை உரசுவதுபோலக் கடந்துகொண்டிருந்தன.

அந்த மனிதர் காய்ந்த வாழைச் சருகை அள்ளி வந்து, பின்னால் வரும் வண்டிகளுக்கு அடையாளமாகக் காருக்குப் பின்னால் போட்டுக் கல் வைத்தார். தனக்குத் தெரிந்த தேனி ஒர்க் ஷாப்புக்கு போன் போட்டார். இழுவை வண்டி வரும்வரை, இவரைப் புளியமர நிழலில் உட்கார வைத்துத் தன் துண்டால் முகத்தைத் துடைத்துவிட்டார். அதை நான் செய்திருக்க வேண்டும். எனக்குப் பக்கத்தில் போகவே கூச்சமாக இருந்தது.

ஒர்க் ஷாப்பில் கழற்றி எடுத்த ஜாயிண்டைக் காட்டினார்கள். ரப்பர் கிழிந்து, கிரீஸ் காய்ந்து, உள்ளே இருக்கிற குண்டு வெளியே வந்துவிடும்போல இருந்தது. இவர் இடது கையை நீட்டி அதை வாங்கினார். லேசாக ஆட்டினார். பிறகு தன் இடது காலால் தரையைத் தட்டிவிட்டு என்னைப் பார்த்தார்.

“ஆமா” என்றார்.

இரண்டு வாரமாக இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாரா? அத்தனை வருஷம் அந்தக் காரை ஓட்டியவருக்கு, காலடியில் என்ன தேய்கிறது என்று தெரிந்திருக்கிறது. அவர் சொன்ன ‘வேணாம்’ என்னை அல்ல, அந்தச் சக்கரத்தை. என்னையும் காப்பாற்றத்தான் காரில் ஏற மறுத்திருக்கிறார்.

இரண்டு பக்க ஜாயிண்டையும் புதிதாக மாற்றிக்கொண்டு திரும்பும் வழியில், காரை ஓரம் கட்டி, “மன்னிச்சிருங்க” என்றேன். அவர் என் கையைத் தட்டிக்கொடுத்து “வேணாம்” என்றார். மன்னிப்பெல்லாம் வேணாம் என்றாரா, மன்னிக்கமாட்டேன் என்றாரா, இன்றுவரை எனக்குத் தெரியாது. முகத்தில் மட்டும் ஒரு சிரிப்பு இருந்தது.

இப்போதும் அவர் ஏதாவது சொல்லிப் புரியாதபோது எனக்கு எரிச்சல் வரத்தான் செய்கிறது. ஆனாலும் நின்று, இதுவா, அதுவா என்று ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டிக் கேட்கிறேன். அவருக்கு மிச்சமிருக்கிற இரண்டு சொற்களுக்குள் எவ்வளவு அக்கறை இருக்கிறது என்பதைத் தெரிந்துகொண்ட பிறகு, நேரமாகிவிட்டது என்று அவர் கையை விலக்க எனக்கு மனம் வருவதில்லை.