மாப்பிள்ளை தலையில் போட்ட போர்

என் மனைவியின் தம்பிக்கு நான் நாலாயிரம் பாக்கி. மூன்று போர் வண்டிக்குச் சொந்தக்காரன் நான். இந்தப் பக்கத்தில் பாதி வீடுகள் குளிப்பதே நான் துளைத்த குழாய்த் தண்ணீரில்தான். அப்படிப்பட்டவனுக்கு நாலாயிரம் ஒரு பணமா? அஞ்சாம் வகுப்பைத் தாண்டாமலே இவ்வளவும் சம்பாதித்தேன் என்பதை ஒரு தடவை சொல்லிவிட்டேன், இனிச் சொல்லமாட்டேன்.

பாக்கிக்குக் காரணம் அவன் பிடிவாதம். அவன் பம்பு மெக்கானிக்; எல்லோருக்கும் 'ஸ்பானர்'. கூலியை அவனுடைய வலது உள்ளங்கையில் நோட்டு நோட்டாக எண்ணி வைக்க வேண்டும். நானோ மேஜையில் வீசிவிட்டுப் போகிறவன்.

"மேஜையில வச்சா அது மேஜைக்குக் கூலி மாமா. இனிமே மேஜையவே கூப்பிட்டு பம்பு மாட்டிக்குங்க."

"உன் கையில எண்ணி வைக்க நான் என்ன பேங்க் கேஷியராடா மாப்ளே?"

இப்படியே ஒரு வருஷம் ஓடியது.

இடையில் ஒரு மருத்துவ முகாமில் அவனுக்கு ரத்த அழுத்தம் எகிறிக் கிடக்கிறது என்று மாத்திரை கொடுத்தார்கள். பயப்பட வேண்டியவன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்தான்.

"பிரஷர் குறைஞ்சாத்தான் கவலை மாமா. நம்மளது மூணாவது மாடி டேங்க்குக்கே ஏறும்!"

மாத்திரை டப்பாவில் வாஷர்களைப் போட்டு வைத்தான்.

ஒருநாள் காலை என் வீட்டு மோட்டாரைக் கழற்றும்போது அவன் கையிலிருந்து ஸ்பானர் விழுந்தது. எடுத்தான், மறுபடி விழுந்தது. வாய் ஒரு பக்கம் இழுத்தது. "தல... வெடிக்குது" என்று குழறினான்.

"காலையிலேயே ஊத்திட்டியாடா?" என்று சிரித்தேன்.

அவன் அக்கா ஓடிவந்து பார்த்தாள். "சிரிக்கிற நேரமா இது? வண்டிய எடுங்க!"

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா ஸ்கேன் படத்தைக் காட்டினார். மூளையின் இடப்பக்கம் வெள்ளையாக ஒரு திட்டு.

"பிரஷர் தாங்காம உள்ள ஒரு ரத்தக்குழாய் வெடிச்சிருக்கு. சின்னக் கசிவுன்னா மருந்துலயே பார்த்துக்கலாம். இது பெருசு, மயக்கமும் கூடிட்டே போகுது. மேலாக இருந்தா மண்டை ஓட்டைத் திறந்து ரத்தக்கட்டிய எடுக்கலாம். ஆனா ஆழத்துல இருக்கு. திறந்து போனா வழியில நல்ல மூளையும் அடிபடும். அதனால சின்னதா துளை போட்டு, மெல்லிசா ஒரு குழாய விட்டு உறிஞ்சி எடுக்கலாம்னு இருக்கோம்."

எனக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. "கிணறு வெட்டாம போர் போடுறீங்க, அதைச் சொல்லுங்க! பாறை வந்தா கூப்பிடுங்க, நம்ம வண்டி இருக்கு."

"உங்க போர்ல தண்ணி வரணும் சார். எங்க போர்ல வர்றது நிக்கணும்."

"கை பழையபடி வருமாம்மா?" என்று கேட்டாள் என் மனைவி.

"இந்த ஆபரேஷன் உயிருக்குத்தான். கைக்கு நான் வாக்குக் கொடுக்க முடியாது."

ஸ்பானர் பிடிக்கிற கை. கூலி வாங்குகிற கை. நான் போட்ட போர்களுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு டீ குடித்திருக்கிறேன். அன்று அந்தச் சின்னத் துளை போட்டு முடியும்வரை நாற்காலியில் உட்காரவே இல்லை.

உயிர் தப்பியது. பேச்சும் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியது. வலது கை மட்டும் முஷ்டியாக இறுகிக் கிடந்தது. அவன் வீட்டில் பணமுடை. நான் அந்த நாலாயிரத்தை இடது கையில் திணித்தேன். தள்ளிவிட்டான்.

"அந்தக் கைக்கு... என்ன தெரியும் மாமா? அது எப்பவும்... எடுபிடிதான்."

பயிற்சி கொடுக்கும் பெண் தினமும் வந்து விரல்களைப் பிரித்துவிட்டாள். துருப்பிடித்த போல்ட்டே தேவலை என்பான். டப்பாவுக்கு மாத்திரை திரும்பியது. வாஷர்களை அவன் அக்கா தெருவில் கொட்டிவிட்டாள்.

நேற்றுச் சாயங்காலம் சொல்லி அனுப்பினான். போனேன். கட்டிலில் உட்கார்ந்து, பல்லைக் கடித்துக்கொண்டு, விரல் விரலாக நிமிர்த்தினான். சுண்டுவிரல்தான் ரொம்ப நேரம் முரண்டு பிடித்தது. அதுவும் விரிந்தது.

"ம். எண்ணுங்க."

"கேஷியர் வந்துட்டேன்டா மாப்ளே."

மூன்று போர் வண்டிக்குச் சொந்தக்காரன் தரையில் குந்தி உட்கார்ந்து, நூறு நூறாக, வாய்விட்டு எண்ணினேன். பாதியில் விரல்கள் மடங்கப் பார்த்தன. நான் நிறுத்தினேன்.

"நீங்க எண்ணுங்க மாமா. அது என் கவலை."

விரல்கள் மெல்லத் திரும்பி விரிந்தன. கடைசி நோட்டையும் அந்த உள்ளங்கையில் வைத்தேன்.