பக்கத்து இருக்கையில் உப்பு மூட்டை

கிட் கார் என்றால் என்னவென்று எங்கள் ஆட்களுக்கு விளக்கி முடிப்பதற்குள் எனக்கே பாதி ஆர்வம் வடிந்துவிடும். சட்டகம், சக்கரம், ஸ்டியரிங், விளக்கு எல்லாம் பெட்டி பெட்டியாக இங்கிலாந்திலிருந்து வரும், நாமே பூட்டி எடுக்க வேண்டும் என்று அம்மாவிடம் சொன்னேன்.

"அப்ப அது உடைஞ்ச காரோ?"

"உடையேல்லை அம்மா. இன்னும் பூட்டேல்லை."

"பூட்டின கார் கடையில நிக்குதுதானே."

எத்தனை பேர் போகலாம் என்பது அவரது அடுத்த கேள்வி. இரண்டு பேர் என்றேன். கறியைக் கிளறியபடியே, "அந்த ரெண்டாவது ஸீற்றுக்கு ஆளை நான் பாக்கட்டோ?" என்றார். அப்பா தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்துவிட்டுச் சிரித்தார்.

நான் வில் நகரத்தில் பிறந்து வளர்ந்தவன். அங்கேயே ஒரு தொழிற்சாலையில் இயந்திரப் பாகங்களை வடிவமைக்கிறேன். இருப்பது ஒன்றரை அறை வீட்டில். வெள்ளிக்கிழமை வேலை முடிந்து கதவைச் சாத்தினால், ஞாயிறு அம்மா வீட்டுக்குச் சாப்பிடப் போகும்வரை வாயைத் திறக்கத் தேவை வராது. சில ஞாயிறுகளில் முதல் சொல் கரகரத்துத்தான் வெளியே வரும்.

அந்தக் காருக்கு நான் தனியாக ஆசைப்படவில்லை. தொழில் பழகிய காலத்தில் எனக்குப் பக்கத்து மேசையில் நின்று இரும்பு அராவிய நண்பன் ஒருவன் இருந்தான். மதிய இடைவேளைகளில் ஒரே போனில் கிட் கார் படங்களாகப் பார்ப்போம். உழைக்கத் தொடங்கியதும் இருவரும் சேர்ந்து ஒன்றைப் பூட்டுவது, கோடையில் மலைக் கணவாய்களில் ஓடுவது, வருடத்தில் சில தடவை எல்லை கடந்து பிரான்சின் பந்தய ஓட்டப் பாதைக்குக் கொண்டுபோவது, ஒரு சுற்று அவன், ஒரு சுற்று நான். எல்லாம் அப்போதே முடிவாகிவிட்டது. பிறகு அவனுக்குப் பிரெஞ்சு பேசும் லொசானில் வேலை கிடைத்தது. கல்யாணம் நடந்தது, மகள் பிறந்தாள். திட்டத்தை மட்டும் யாரும் கைவிடவில்லை. கைவிடுகிறோம் என்று யாரும் சொல்லாததால் அது இருக்கிறது என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இந்தக் குளிர்காலம் முழுக்கத் தெரிவு செய்வதிலேயே போனது. சாலையிலும் ஓட வேண்டும், பந்தயப் பாதையிலும் ஓட வேண்டும் என்றால் அங்கேயே சண்டை தொடங்கிவிடுகிறது. பந்தயப் பாதைக்குச் சுருள்கம்பிகள் இறுக வேண்டும், காரின் வயிறு நிலத்தை ஒட்ட வேண்டும். ஆனால் எங்களுக்குப் பக்கத்து டோக்கன்பூர்க் மலை வீதிகளில் தண்டவாளங்கள் குறுக்கே வரும், வளைவில் மாட்டுச் சாணம் கிடக்கும். கூரை மூடிய, பார்த்தால் பந்தயக் கார்போல் இருக்கும் வகை ஒன்றில் முதலில் மயங்கினேன். அழகுதான், ஆனால் கனம். பின்னால் வருவது எதுவும் தெரியாது. அடுத்தது மோட்டார் சைக்கிள் எஞ்சின் பூட்டுவது. காணொளியில் கேட்கும்போதே மயிர் கூச்செறியும். பல ஓட்டப் பாதைகளில் வாசலிலேயே சத்தத்தை அளந்து பார்த்துத் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று அறிந்ததும் ஆசை அடங்கியது. கடைசியில் மிஞ்சியது நீண்ட மூக்கு, கதவு கிடையாது, சாதாரணக் கார் எஞ்சின், யாரும் திருத்தக்கூடிய பிரேக். இங்கே வாகனச் சோதனையில் தேறிப் பதிவானவை சில இருக்கின்றன என்பதையும் விசாரித்துவிட்டேன்.

அதை இறக்குமதி செய்யும் பெண் டோக்கன்பூர்க்கில் ஒரு பழைய களஞ்சியத்தைப் பட்டறையாக வைத்திருந்தார். நான் கேள்விகளை அடுக்க அடுக்க, கையைத் துணியில் துடைத்தபடி பதில் சொன்னார். பிறகு அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். இதே கிட் இரண்டு விதமாக வருகிறதாம். ஒன்றில் இருக்கைகள் இரண்டு. மற்றதில் ஓட்டுபவர் நட்டநடுவே ஒற்றையாக இருப்பார்.

"தனியாகவா, இருவராகவா?"

உணவகத்தில் மேசை கேட்டு வருபவரிடம் கேட்பதுபோல் கேட்டார். கணக்கு எனக்குத் தெரியும். ஓட்டுபவரின் எடை நடுவில் இருந்தால் இடது வளைவும் வலது வளைவும் ஒன்று. சட்டகம் ஒடுங்கும், கனம் குறையும். ஒரு பொறியியலாளன் யோசிக்கவே தேவையில்லாத இடம் அது. ஆனாலும் அடுத்த சனிக்கிழமை ஓட்டிப் பார்க்க வரும்போது சொல்கிறேன் என்றேன். அன்றே இங்கிலாந்துக்கு ஓடர் போட வேண்டும், அதற்குமேல் தள்ள முடியாது என்றார். நண்பனையும் கூட்டிவருவேன் என்றேன்.

மறுநாள் ஞாயிறு அட்லிஸ்வில் கோயிலில் அவனைக் கண்டேன். மனைவி மகளோடு வந்திருந்தான். பூசை முடிந்து சாப்பாட்டுத் தட்டுகளோடு நின்றோம். நான் போனை நீட்டினேன்.

"கதவு எங்கை மச்சான்?"

"கதவு இல்லை."

"கூரை?"

"துணி. மழை வந்தால் போடலாம்."

"ஹீற்றர்?"

"எஞ்சின் சூடு காலுக்கு வரும்."

"அப்ப ட்ராக்டர் எண்டு சொல்லன்."

அவன் மனைவி எட்டிப் பார்த்தார். "இதுக்குள்ள பிள்ளையை எங்கை வைக்கிறது?"

"மடியில," என்றான் அவன். அவர் முறைத்தார்.

சனிக்கிழமை ஓட்டிப் பார்க்கலாம், நீ வந்தால்தான் இரண்டு பேரின் எடையோடு எப்படிப் போகிறது என்று தெரியும் என்றேன். அவன் படத்தைப் பெரிதாக்கி முன்சக்கரத்தின் கம்பிகளைப் பார்த்தான். பழைய முகம் ஒரு கணம் வந்துபோனது. "வடிவாத்தான்டா இருக்கு," என்றான். அதற்குள் பிள்ளை தட்டைக் கவிழ்த்துவிட்டாள். சோறு பொறுக்கி, ஜாக்கெட் தேடி, சப்பாத்து மாட்டி, அவர்கள் புறப்பட்டார்கள். வாசலில் நின்று கை காட்டினான்.

"சரி மச்சான், வாறன்."

அந்த வாரம் நன்றாகப் போனது. வேலையில் கூடச் சிரித்தேன். அவனுடைய தலைக்குப் பொருந்துமா என்று யோசித்து இன்னொரு ஹெல்மெட் இரவல் வாங்கினேன்.

சனிக்கிழமை பட்டறை முற்றத்தில் காரை வெளியே எடுத்து வைத்திருந்தார்கள். சொன்ன நேரம் போனபின் நான் அவனை அழைத்தேன். பின்னால் கடை அறிவிப்பு ஒன்று பிரெஞ்சில் கேட்டது.

"இண்டைக்கோ? நான் எப்ப மச்சான் சொன்னனான்?"

"வாறன் எண்டு சொன்னனி."

"எப்ப?"

"கோயிலடியில. வெளிக்கிடேக்கை."

"டேய், வெளிக்கிடேக்கை எல்லாரும் அப்பிடித்தானே சொல்லுறது. போறன் எண்டே சொல்லுவாங்கள்?"

உண்மைதான். சின்ன வயதில் போறன் என்று சொன்னதற்கு வீட்டில் நானே ஏச்சு வாங்கியிருக்கிறேன். பிள்ளையின் அழுகை கேட்டது. பிறகு எடுக்கிறேன் என்று அவன் வைத்துவிட்டான்.

நண்பர் வரவில்லையா என்று அந்தப் பெண் கேட்டார். இல்லை என்றேன். அதை ஒரு பொருட்டாகவே எடுக்காமல் உள்ளே போய், வீதிப் பனிக்குத் தூவும் உப்பு மூட்டைகளைத் தூக்கிவந்து பக்கத்து இருக்கையில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தார். பட்டியை இழுத்துப் பூட்டி, மேல் மூட்டையைத் தட்டிக்கொடுத்தார். ஒரு மெலிந்த ஆளின் எடை வரும் என்றார்.

மேட்டு வீதியில் உப்போடு ஓடினேன். கார் இருந்தது நான் நினைத்ததைவிட உயிரோடு. கல் ஒன்றில் ஏறினாலும் அது என்ன அளவுக் கல் என்று முதுகு சொல்லும். இடது வளைவுகளில் மூட்டை பட்டியை இழுத்து வெளிப்பக்கம் சாயும். வலது வளைவுகளில் என் தோளில் வந்து மெல்ல முட்டும். இரண்டாவது தடவை முட்டியபோது, "பாத்தியோ, எப்பிடிப் பிடிக்குது," என்று சொல்லிவிட்டேன். உரக்கத்தான். காற்று அள்ளிக்கொண்டு போய்விட்டது, யாரும் கேட்கவில்லை.

திரும்பி வந்து மூட்டைகளை இறக்கச் சொன்னேன். மறுபடி அதே வீதி. முதல் வளைவிலேயே தெரிந்துவிட்டது. பிரேக் பிந்திப் பிடிக்கலாம், வேகம் முந்தி எடுக்கலாம். நான் நினைக்க முன்னமே மூக்கு திரும்பியது. மிகவும் பிடித்திருந்தது. அவ்வளவு பிடித்ததுதான் என்னைக் கொஞ்சம் பயப்படுத்தியது. மேட்டின் உச்சியில் நிறுத்தி எஞ்சினை அணைத்தேன். கீழே கிராமத்தில் யாரோ புல் வெட்டும் சத்தம் மட்டும் வந்தது. வெறும் இருக்கையில் சில உப்புக் கற்கள் கிடந்தன. அவற்றைக் கையால் தட்டிவிட்டு இறங்கி வந்தேன்.

"தனியாக," என்றேன் அந்தப் பெண்ணிடம். அவர் தலையசைத்து, உள்ளே போய் ஓடரை அனுப்பினார்.

பஸ் தரிப்பில் நின்று அவனுக்குப் போன் எடுத்துச் சொன்னேன். ஒற்றை ஸீற், நடுவில். அவன் மூச்சு விட்டது எனக்குக் கேட்டது.

"நல்லது மச்சான். நான் கோவிக்கேல்லை. உண்மையா நல்லது," என்றான். குரல் இலேசாகிவிட்டிருந்தது. இத்தனை நாளும் அவனுக்கும் அந்தத் திட்டம் பாரமாகத்தான் இருந்திருக்கிறது. பிறகு நெடுநேரம் கதைத்தோம். ரயர் எது, எண்ணெய் சூடானால் என்ன செய்வது, பிள்ளைக்குப் பல் வருவது. இந்த வருடத்தில் நாங்கள் அவ்வளவு கதைத்ததில்லை. சிவப்பு மட்டும் எடுக்காதே, கல்யாண மண்டபத்து வாசலில் நிற்கிற மாமாமாரின் கார் எல்லாம் சிவப்பு என்றான்.

"பூட்டி முடிய படம் அனுப்பு."

அனுப்புகிறேன் என்றேன். வந்து பார்க்கிறேன் என்று அவன் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டதற்காக அவனை எனக்குப் பிடித்திருந்தது. ஆனாலும் பஸ் வில் நகரத்துக்கு வரும்வரைக்கும் அந்தச் சொல்லுக்காகவே காது காத்திருந்தது.