பெட்ஷீட் துவைத்த பாவம்

பரீட்சை முடிந்ததும் தூங்கப் போகிறேன், யாரும் எழுப்பாதீர்கள் என்று இந்தப் பக்கத்தில் வீராப்பாக எழுதியிருந்தேன். ஞாபகம் இருக்கிறதா?

தூங்கவில்லை.

கடைசிப் பேப்பரை எழுதிவிட்டு வெளியே வந்த அன்று, நான், நஸ்ரின், மதி மூன்று பேரும் பிரியாணி சாப்பிட்டோம். ஒரு சினிமா பார்த்தோம். தஞ்சாவூர் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் வாங்கப் போகாத சுடிதாருக்கெல்லாம் விலை கேட்டோம். இவ்வளவும் செய்துவிட்டு ஹாஸ்டலுக்குத் திரும்பினால், ராத்திரிச் சாப்பாட்டுக்கு மணிகூட அடிக்கவில்லை.

"இப்ப என்னடி பண்றது?" என்றாள் நஸ்ரின்.

இத்தனை மாதம் படி, படி என்று விரட்டிய மனசை, 'சரி, இப்போ சும்மா இரு' என்றால் இருக்குமா? படுத்தால் எதையோ மறந்துவிட்ட மாதிரி இருக்கிறது. எழுந்தால் எதற்கு எழுந்தோம் என்று தெரியவில்லை. ரிலாக்ஸ் பண்ணுவதே ஒரு டென்ஷனாகிவிட்டது.

அதனால்தான் முகாம் அறிவிப்பு வந்ததும் யோசிக்காமல் பேர் கொடுத்தோம். மார்கழியில் எங்கள் பல்கலைக்கழகம் நடத்துகிற கிராம சேவை முகாம். இந்த வருஷம் திருவையாற்றுக்குப் பக்கத்தில் ஓர் ஊர். தங்குவது பள்ளிக்கூட வகுப்பறையில், சமையல் மரத்தடியில், குளியல் காவிரிப் படித்துறையில்... பனி வேறு. போதாதா?

எங்கள் மூவரைப் பற்றி ஒரு வார்த்தை. நான் கும்பகோணம் டவுன். நெல்லை அரிசியாகப் பார்த்துத்தான் பழக்கம். நஸ்ரின் கூத்தாநல்லூர். அவள் அம்மா முகாமுக்கு அனுப்பியதே பெரிய சங்கதி, கூடவே டப்பா நிறைய தம்ரூட்டும் கொடுத்துவிட்டிருந்தார். அந்த ரவை இனிப்பு முதல் நாளே காலி. மதிக்கு நாகப்பட்டினம் பக்கம், கடைமடை. அதாவது, ஆற்றுத் தண்ணீர் எல்லா ஊருக்கும் போன பிறகு மிச்சமிருந்தால் வந்து சேருகிற இடம். அங்கே அவள் அப்பா குத்தகை நிலத்தில் சம்பா போட்டிருக்கிறார்.

பரீட்சை முடிந்தால் முதல் பஸ்ஸைப் பிடித்து ஊருக்கு ஓடுகிறவள் மதிதான். இந்தத் தடவை ஓடவில்லை. "நானும் முகாமுக்கு வர்றேன்" என்று மட்டும் சொன்னாள். ஏன் என்று நாங்கள் கேட்கவில்லை. கேட்கப் பயம்.

காரணம், மழை.

கடைசிப் பேப்பருக்கு முந்தின நாள் பிடித்தது. சாயங்காலமே கலெக்டர் லீவு அறிவித்துவிட்டார், பரீட்சை தள்ளிவைப்பு, தேதி பின்னர். ஹாஸ்டல் முழுக்கக் கூச்சல், விசில். எங்கள் அறையில் மட்டும் அமைதி. மதி இருக்கிறாளே! நஸ்ரின் பாத்ரூமுக்குள் போய்த் தாழ்போட்டுக்கொண்டு ஓர் ஆட்டம் ஆடிவிட்டு, முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வெளியே வந்தாள். நான் "ச்சே, என்ன மழை இது" என்று சலித்துக்கொண்டேன். நடிப்புக்குப் பரிசு கொடுத்தால் எங்கள் அறைக்குத்தான்.

மதி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். பாவம், வயலை நினைத்துக் கலங்குகிறாள் என்று நினைத்தோம்.

மழை ஒரு நாளோடு விடவில்லை. நாலா பக்கமும் ரெட் அலர்ட். அது ஓய்ந்து, தள்ளிப்போன பரீட்சையை எழுதி முடிப்பதற்குள் மதியின் அம்மாவிடமிருந்து சேதி வந்துவிட்டது – வயலில் தண்ணீர் நிற்கிறது, வடியவில்லை.

முகாமில் மதியைப் பார்க்க வேண்டுமே. கோயில் ஸ்பீக்கர் கண் விழிப்பதற்கு முன்னாலேயே அவள் பள்ளிக்கூட வாசலைக் கூட்டியிருப்பாள். நாங்கள் மரக்கன்று நடக் குழி வெட்ட மண்வெட்டியைத் தேடிக்கொண்டிருக்கும்போது அவள் பாதிக் குழிகளை வெட்டி முடித்திருப்பாள். காய் நறுக்குவாள், தண்ணீர் சுமப்பாள், அடுத்தவர் துணியையும் மடித்து வைப்பாள். உட்காரவே மாட்டாள். உட்கார்ந்தாலும் கால் ஆடிக்கொண்டே இருக்கும். முகாமை நடத்திய மேடம் அவளை எல்லோருக்கும் முன்னால் நிறுத்தி, "இவளைப் பாருங்க, கத்துக்குங்க" என்றார். மதிக்கு அழுகை வந்துவிட்டது. கூச்சம் என்று நினைத்து நாங்கள் கைதட்டினோம்.

போன செவ்வாய்க்கிழமை மத்தியானம். படித்துறையில் சாப்பாட்டு அண்டாக்களைத் தேய்த்துக்கொண்டிருந்தோம். காவிரி செம்மண் நிறத்தில் ஓடிக்கொண்டிருந்தது. மதி, கழுவிய அண்டாவையே மறுபடியும் கழுவிக்கொண்டிருந்தாள். என் போன் அடித்தது. மதியின் அப்பா.

"பாப்பா, மதி போனை எடுக்க மாட்டேங்குது. அங்க டவர் இல்லையா?"

டவர் ஜோராக இருந்தது. நான் மதியைப் பார்த்தேன். வேண்டாம், வேண்டாம் என்று கையை ஆட்டினாள்.

"குளிச்சிக்கிட்டு இருக்கா அங்கிள். வந்ததும் பேசச் சொல்றேங்க."

வைத்துவிட்டு, "ஏண்டி, அப்பாகிட்டகூடப் பேச மாட்டியா?" என்று கேட்டேன். கொஞ்சம் கோபமாகத்தான். மனுஷனுக்கு வயல் மூழ்கிக் கிடக்கிறது, பெண் குரலையாவது கேட்க வேண்டாமா?

மதி தேங்காய் நாரைக் கீழே போட்டாள். "எந்த மொகத்தை வச்சுக்கிட்டுப் பேசுறது? மழைய வரவச்சதே நான்தான்."

"என்னடி உளர்ற?" என்றாள் நஸ்ரின்.

"நாலாவது யூனிட் நான் தொடவே இல்லடி. அதான்... பெட்ஷீட்டெல்லாம் தொவச்சேன்."

இதை உங்களுக்கு விளக்கியாக வேண்டும். எங்கள் ஹாஸ்டலில் ஒரு நம்பிக்கை – பெட்ஷீட்டைத் துவைத்து மொட்டைமாடியில் காயப்போட்டால் அன்றைக்கு மழை வரும். எத்தனை தடவை நனைந்திருக்கிறோம்! அதனால் பரீட்சை சமயத்தில் யாருக்காவது ஒரு நாள் கூடுதலாகத் தேவைப்பட்டால், சோப்பும் கையுமாகக் கிளம்பிவிடுவார்கள்.

மழை பிடித்த அன்று மதி அவளுடையதைத் துவைத்ததோடு நிற்கவில்லை. என்னுடையது, நஸ்ரினுடையது எல்லாவற்றையும் உருவிக்கொண்டு போனாள். எவ்வளவு நல்ல மனசு என்று நாங்கள் உருகிப்போனோம். ஈரம் காயாத துணியை மின்விசிறிக்குக் கீழே பிடித்துக்கொண்டு நின்றபோதும் எங்களுக்கு உறைக்கவில்லை.

"எல்லாரும் கேக்கலாம்டி. நான் கேக்கலாமா? கதிர் வர்ற நேரம்னு எனக்குத் தெரியும்ல?" என்று சொல்லிவிட்டு முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

சிரிப்பு வரவேண்டிய இடம். வரவில்லை. எம்.எஸ்சி. படிக்கிறாய், வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு நிலை உருவானதை டி.வி.யில் பார்த்தாயே என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் அவளை உட்காரவிடாமல் அலைக்கழித்துக்கொண்டிருந்ததை டி.வி. தீர்க்குமா?

நஸ்ரின்தான் காரியக்காரி. என் போனைப் பிடுங்கி, மதியின் அப்பாவுக்கே அடித்து, ஸ்பீக்கரில் போட்டு அவள் மடியில் வைத்துவிட்டாள்.

"மதி? என்னம்மா, சாப்டியா?"

"அப்பா... நான் பெட்ஷீட் தொவச்சுட்டேன்ப்பா."

"தொவைக்க வேண்டியதுதானே? அதுக்கு ஏம்மா அழுவுற?" என்றார்.

மதி விக்கலும் விம்மலுமாக எல்லாவற்றையும் கொட்டினாள் – நாலாவது யூனிட், மொட்டைமாடி, மூன்று பெட்ஷீட். மறுமுனையில் ஒரு சத்தம். இருமினாரா, சிரித்தாரா என்று பிடிபடவில்லை.

"இங்க பாரு. மழைக்கு முன்னால ஆத்துத் தண்ணி நம்ம வாய்க்கால்ல ஏறவே இல்ல. பயிரு தொண்டையில கதிரை வச்சுக்கிட்டு வாடுச்சு. அய்யனாரு முன்னால நின்னு நானும்தான் மழை குடுன்னு கேட்டேன். உன் அம்மாவும் கேட்டுச்சு. எல்லாம் கேட்டோம், எப்ப நிறுத்தணும்னு சொல்லாம வந்துட்டோம்."

மதி மூக்கை உறிஞ்சினாள்.

"மேட்டு வயல் தப்பிச்சிடுச்சு. பள்ளத்துலதான் சாஞ்சு கெடக்கு. தூக்கிக் கட்டுனா பாதி தேறும். ஆளு கெடைக்கல, நானும் அம்மாவும் கட்டிக்கிட்டு இருக்கோம். அது போவட்டும், அந்தப் பரீட்சை எப்படி எழுதுன?"

"நல்லா எழுதிருக்கேன்ப்பா. நாலாவது யூனிட்லேர்ந்துதான் நிறைய வந்துச்சு."

"அப்ப சரி. மழை ஒண்ணுக்காவது ஒதவுச்சு."

மதி சத்தம் போட்டு அழுதாள். நாங்கள் தடுக்கவில்லை. அழுது முடித்ததும் நஸ்ரின் சொன்னாள்: "எங்க மாமா கடையில போன வருஷத்துக் குடை மூட்டை மூட்டையாக் கெடந்துச்சுடி. அவரும் கேட்டிருப்பாரு."

யோசித்துப் பார்த்தேன். மழை வேண்டும் என்று கடைமடை கேட்கிறது. வேண்டாம் என்று செங்கல் சூளை கேட்கிறது. முகூர்த்தம் வைத்த வீடு, நாளை மறுநாள் என்கிறது. பரீட்சைக்குப் படிக்காத பிள்ளை, நாளைக்கே என்கிறது. நம் டெல்டாவுக்கு இருப்பது ஒரே வானம். அது யார் பேச்சைத்தான் கேட்கும்?

சாயங்காலம் மதி மேடத்திடம் போய் நின்றாள். பாதியில் போனால் சர்டிபிகேட் கிடையாது என்று முதல் நாளே கறாராகச் சொன்னவர் அவர். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "கிராம சேவைதானே? ஒங்க ஊரும் கிராமம்தான். போய்ச் செய்" என்றார். திருவையாறு வரை போய் பஸ் ஏற்றிவிட்டோம். ஜன்னலோர சீட்டில் அவள் உட்கார்ந்ததும் முதல் வேலையாகக் கால் ஆடுகிறதா என்று பார்த்தேன். ஆடவில்லை. பஸ் புறப்படும் முன்பே தூங்கிவிட்டாள்.

அதற்கப்புறம் ஒரு போட்டோ அனுப்பினாள். முழங்கால் சேற்றில், சாய்ந்த கதிர்களைக் கொத்தாகச் சேர்த்துக் கட்டிக்கொண்டிருக்கிறாள். பக்கத்தில் அவள் அப்பா, கேமராவைப் பார்க்காமல் பயிரைப் பார்க்கிறார். பாதி தேறுமா? தையில்தான் தெரியும்.

முகாம் முடிந்து நேற்று ஹாஸ்டலுக்குத் திரும்பிவிட்டோம். இன்னும் தூக்கம் வரவில்லை. பொழுது போக வேலை எதையாவது செய்யலாம் என்று பார்த்தால், என் பெட்ஷீட் அழுக்கேறிக் கிடக்கிறது. பக்கெட்டை எடுத்தேன். நஸ்ரின் முறைத்தாள்.

மதி வீட்டு அறுப்பு முடியும்வரை துவைப்பதாக இல்லை.